ஆந்தை கக்கிய உருண்டைக்குள் என்ன இருக்கிறது? குழந்தைகளோடு பிரித்துப் பார்க்க ஓர் எளிய வழிகாட்டி

ஆந்தை பகலில் தங்கும் மரத்தடியிலும் பாழடைந்த கட்டடங்களின் மூலைகளிலும் கட்டைவிரல் பருமனில் சாம்பல் நிற உருண்டைகள் கிடக்கும். பார்ப்பவர்கள் பெரும்பாலும் எச்சம் என்று நினைத்து ஒதுங்கிப் போய்விடுவார்கள். எச்சம் இல்லை அது. ஆந்தை தின்ற இரையில் செரிக்காமல் மிஞ்சிய ரோமம், எலும்பு, பல், நகம் எல்லாம் வயிற்றுக்குள்ளேயே இறுகித் திரண்டு, வாய் வழியாக வெளியே வந்து விழுந்தது. இதைப் பெல்லட் என்றும் சொல்வதுண்டு. இந்தக் கட்டுரையில் உருண்டை என்றே வைத்துக்கொள்வோம்.

ஐந்து வயதுக் குழந்தைக்கு உணவுச் சங்கிலி என்பது ஒரு படமும் சில அம்புக்குறிகளும்தான். அதே குழந்தை ஓர் உருண்டையைப் பிரித்து, உள்ளே இருந்து ஓர் எலியின் தாடையைப் பல்லோடு எடுத்துவிட்டால், யார் யாரைத் தின்றார்கள் என்பதற்கான சான்று அதன் கையிலேயே இருக்கிறது. அங்கிருந்து கேள்விகள் தானாக வரும். இதில் பெரியவர்கள் செய்யும் பெரிய தவறு, எலும்பு வெளியே தலைகாட்டியதுமே அதன் பெயரைச் சொல்லிவிடுவது. பெயரைக் கேட்டதும் குழந்தை பார்ப்பதை நிறுத்திவிடும். முதலில் பார்க்கட்டும், தொடட்டும், ஒப்பிடட்டும், ஊகிக்கட்டும். பெயர் கடைசியில் வந்தால் போதும்.

ஆந்தையின் வயிற்றில் நடப்பது

ஆந்தைக்கு இரையை மென்று தின்னப் பல் கிடையாது. சிறிய இரையாக இருந்தால் பெரும்பாலும் தலைப்பக்கமாக அப்படியே விழுங்கிவிடும். பல பறவைகளுக்குக் கழுத்தில் தீனிப்பை இருக்கும். ஆந்தைக்கு அதுவும் இல்லை. விழுங்கியது நேராக வயிற்றுக்குப் போகிறது.

வயிற்றில் இரண்டு பகுதிகள். முதல் பகுதியில் அமிலமும் செரிமான நொதிகளும் சுரந்து சதையைக் கரைக்கின்றன. இரண்டாவது பகுதி தசையால் ஆன அரைவைப்பை. இது வடிகட்டி மாதிரி வேலை செய்கிறது: கரைந்த உணவைக் குடலுக்கு அனுப்பிவிட்டு, கரையாததைத் தடுத்து நிறுத்திக்கொள்கிறது. ரோமம், நகம், இறகு எல்லாம் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனவை. பூச்சிகளின் ஓடு கைட்டின் என்ற கெட்டியான பொருளால் ஆனது. ஆந்தையால் இவற்றைச் செரிக்க முடியாது. அரைவைப்பையின் தசைகள் அழுத்த அழுத்த, இவை எலும்புகளோடு சேர்ந்து உருண்டையாகின்றன. பெரும்பாலும் ரோமம் வெளிப்பக்கமாகவும் எலும்புகள் உள்பக்கமாகவும் அமையும். கூரான எலும்பு தொண்டையைக் கிழிக்காமல் வெளியேற இது உதவுகிறது.

தயாரான உருண்டை முதல் பகுதிக்குத் திரும்பி வந்து சில மணி நேரம் அங்கேயே தங்கும். அது வழியை அடைத்துக்கொண்டிருப்பதால், கக்கி முடிக்கும் வரை ஆந்தையால் அடுத்த இரையைச் சரியாக விழுங்க முடியாது. கக்கப்போகும் ஆந்தையைப் பார்த்தால் ஏதோ சிரமப்படுவது போலத் தெரியும்: கண்ணைச் சுருக்கும், கழுத்தை முன்னால் நீட்டும், அலகை அகலத் திறக்கும். உருண்டை தானாக விழும். நோய் வந்து வாந்தி எடுப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இதைக் குழந்தைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் "பாவம், ஆந்தைக்கு உடம்பு சரியில்லையா?" என்று யாராவது ஒரு குழந்தை கட்டாயம் கேட்கும்.

பருந்து, கழுகு போன்றவையும் உருண்டை கக்குகின்றன. ஆனால் அவை இரையைக் கிழித்துத் தின்பவை. அவற்றின் வயிற்று அமிலமும் ஆந்தையுடையதைவிடக் கடுமையானது, எலும்பில் பெரும்பகுதியைக் கரைத்துவிடும். அவற்றின் உருண்டையைப் பிரித்தால் ரோமமும் இறகும்தான் அதிகம் மிஞ்சும். மீன்கொத்தியின் உருண்டையில் மீன் முள்ளும் செதிலும் இருக்கும், தொட்டாலே உதிர்ந்துவிடும். முழு மண்டையோடு கிடைக்க வேண்டும் என்றால் ஆந்தையின் உருண்டைதான் சரி. அதிலும் கூகையினுடையது தொடக்கத்துக்கு மிகவும் நல்லது. முகம் வெளுத்து இதய வடிவில் இருக்குமே, அந்த ஆந்தை. அது எலி அளவுள்ள பாலூட்டிகளை முழுதாக விழுங்குவதால் எலும்புகள் பெரும்பாலும் உடையாமல் வெளியே வரும். ஓர் உருண்டையில் மூன்று நான்கு விலங்குகளின் எலும்புகள் இருப்பது சகஜம். சிறிய ஆந்தைகள் பூச்சிகளை அதிகம் தின்னும். அவற்றின் உருண்டையில் வண்டுகளின் இறக்கை ஓடும் கால் துண்டுகளும் மின்னிக்கொண்டிருக்கும், மண்டையோடு கிடைப்பது அரிது. கிடைத்ததைப் பிரிக்கலாம், தப்பில்லை. ஆனால் எலும்பை எதிர்பார்த்து உட்கார்ந்த குழந்தை ஏமாந்துவிடும், முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

உருண்டை எங்கே கிடைக்கும், எப்படி அடையாளம் காண்பது

ஆந்தை வழக்கமாக உட்காரும் இடத்துக்கு நேர் கீழே தேட வேண்டும். தரையிலோ சுவரிலோ வெள்ளையாகச் சுண்ணாம்பு தெளித்தது போலக் கறை இருந்தால், அதுதான் எச்சம். அதன் பக்கத்தில் உருண்டைகள் கிடக்கும். கூகையின் உருண்டை பொதுவாக 4 முதல் 7 செ.மீ. நீளமும் சுமார் 3 செ.மீ. பருமனும் இருக்கும், முனைகள் மழுங்கியிருக்கும். புதிதாக விழுந்தது கருப்பாக, மேலே சளி பூசியது போலப் பளபளக்கும். காயக் காய மங்கிச் சாம்பலாகும், மிகவும் லேசாகிவிடும்.

பூனை, நரி போன்றவற்றின் மலத்திலும் ரோமமும் எலும்புத் துண்டும் இருக்கும் என்பதால் குழப்பம் வரலாம். மலம் முறுக்கிக்கொண்டு ஒரு முனை கூராக இருக்கும், நாற்றம் கடுமையாக இருக்கும், எலும்பு மென்று நொறுக்கப்பட்டிருக்கும். ஆந்தையின் உருண்டையில் லேசான புழுங்கிய வாடை மட்டும்தான். சந்தேகம் இருந்தால் எடுக்காதீர்கள். விலங்கு மலத்தில் ஒட்டுண்ணிகளின் முட்டைகள் இருக்கக்கூடும்.

கூட்டுக்குப் பக்கத்தில் போக வேண்டாம். முட்டையோ குஞ்சோ இருக்கும் காலத்தில் ஆள் நடமாட்டத்தால் ஆந்தை கூட்டைக் கைவிடும் அபாயம் உண்டு. பல நாடுகளில் ஆந்தையையும் அதன் கூட்டையும் தொந்தரவு செய்வது சட்டப்படி குற்றமும்கூட. பறவை இல்லாத நேரத்தில், தங்குமிடத்தின் அடியில் கிடப்பதைப் பொறுக்கினால் போதும். ஒவ்வோர் உருண்டையையும் தனித்தனிக் காகித உறையில் போட்டு, தேதியையும் இடத்தையும் உடனே எழுதிவிடுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரத்தோடு மூடி வைத்தால் ஒரே வாரத்தில் பூஞ்சை பிடித்துவிடும்.

கிருமி நீக்காமல் குழந்தை கையில் கொடுக்காதீர்கள்

இந்தப் பகுதியை மட்டும் யாரும் தாண்டிப் போகக் கூடாது. உருண்டை எச்சம் இல்லை என்பது உண்மை. ஆனால் சுத்தமானது என்று அதற்கு அர்த்தமில்லை. 2001இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துத் தொடக்கப் பள்ளிகளில் ஆந்தை உருண்டைகளைப் பிரித்ததை அடுத்துக் குழந்தைகளுக்குச் சால்மொனெல்லா என்ற வயிற்றுப்போக்குக் கிருமியின் தொற்று பரவியது மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. இரையின் உடலில் இருக்கும் கிருமி உருண்டையிலும் இருக்கலாம், காய்ந்த பிறகும் பல நாள் உயிரோடு தங்கலாம்.

விலைக்குக் கிடைக்கும் உருண்டைகளை வெப்பமேற்றி, அலுமினியத் தாளில் சுற்றி விற்கிறார்கள். கிருமி நீக்கப்பட்டது என்று உறையில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். நீங்களே பொறுக்கியதாக இருந்தால், முதலில் காற்றோட்டமான இடத்தில் சில நாள் நன்றாகக் காயவிடுங்கள். உள்ளே ஈரம் இருந்தால் அந்த ஈரம் ஆவியாகித் தீரும் வரை நடுப்பகுதி சூடேறாது. காய்ந்ததும் ஒவ்வொன்றையும் அலுமினியத் தாளில் தனியாக இறுக்கிச் சுற்றி, முன்கூட்டியே சூடாக்கிய ஓவனில் 160 டிகிரி செல்சியஸில் 40 நிமிடம் வையுங்கள். ஜன்னலைத் திறந்து வைப்பது அவசியம், முடி சூடாகும் வாடை வரும். நன்றாக ஆறிய பிறகுதான் பிரிக்க வேண்டும்.

மைக்ரோவேவ் இதற்கு உதவாது. சூடு சீராகப் பரவாது, காய்ந்த ரோமம் தீப்பிடிக்கவும் கூடும். தண்ணீரில் கொதிக்க வைத்தால் உருண்டை கலைந்து, ரோமமும் எலும்பும் ஒரே குழம்பாகிவிடும். ஃப்ரீசரில் வைத்தால் போதும் என்று சிலர் சொல்வதுண்டு. உள்ளே இருக்கும் புழு பூச்சிகள் இரண்டு மூன்று நாள் உறைநிலையில் செத்துவிடும், ஆனால் பாக்டீரியா சாகாது. ஃப்ரீசர் பாதுகாத்து வைக்க. ஓவன் கிருமி நீக்க. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

வெப்பமேற்றிய உருண்டையையும் சுத்தமில்லாத பொருளாகவே நடத்துங்கள். சாப்பிடும் மேசையிலோ சமையலறையிலோ பிரிக்கக் கூடாது. வேறு இடமே இல்லை என்றால் மேசை முழுவதையும் தடித்த பிளாஸ்டிக் விரிப்பால் மூடி, முடிந்ததும் சோப்பு நீரால் கழுவி, பிறகு கிருமிநாசினியால் துடைக்க வேண்டும். பிரிக்கும்போது தின்பண்டமோ தண்ணீர் பாட்டிலோ பக்கத்தில் இருக்கக் கூடாது. எதையும் வாயில் வைக்கும் வயதுக் குழந்தைகளுக்கு உருண்டையைக் கையில் தராமல், பிரித்து எடுத்த எலும்பை மூடிய கண்ணாடிப் புட்டியில் போட்டுக் காட்டுங்கள். ஆஸ்துமாவோ ரோம ஒவ்வாமையோ உள்ள குழந்தைக்கு, உருண்டையைக் காய்ந்தபடியே பிரிக்கும் உலர் முறை வேண்டாம். பின்னால் சொல்லப்போகும் ஈர முறைதான் ஏற்றது. முடிந்ததும் கையுறை போட்டிருந்தவர்கள் உட்பட எல்லோரும் சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவ வேண்டும். கையில் தடவும் கிருமிநாசினி (சானிடைசர்) மட்டும் போதாது, நகக்கண்ணில் ஒட்டிய ரோமத்தை அது எடுக்காது.

எடுத்து வைக்க வேண்டியவை

இரண்டு குழந்தைகளுக்கு ஓர் உருண்டை என்பது சரியான அளவு. ஒருவர் பிரிக்க, மற்றவர் எலும்பை வாங்கித் தட்டில் வைக்கலாம், பாதியில் மாறிக்கொள்ளலாம். நான்கு பேருக்கு ஒன்று என்றால் இருவர் வேடிக்கைதான் பார்ப்பார்கள். ஒவ்வொரு ஜோடிக்கும் விளிம்புள்ள ஒரு தட்டு, முனை மழுங்கிய முள்வாங்கி இரண்டு, பல் குத்தும் குச்சிகள் சில, மெல்லிய ஓவியத் தூரிகை ஒன்று, பூதக்கண்ணாடி, அளவுகோல், கையுறை, எலும்புகளை அடுக்க ஒரு கருப்பு அட்டை. கருப்பு அட்டையை விட்டுவிடாதீர்கள். வெள்ளைத் தாளில் வைத்த மெல்லிய விலா எலும்பு கண்ணுக்கே தெரியாது. கருப்பில் வைத்தால் பளிச்சென்று தெரியும். கத்தி, கத்தரிக்கோல் எதற்கும் வேலை இல்லை.

மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். ரோமத்தோடு சேர்ந்து பற்களும் பறந்துவிடும். 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை ஒதுக்கலாம். நான்கைந்து வயதுக் குழந்தைகள் 20 நிமிடத்தில் களைத்துவிடுவார்கள். மிச்சத்தை உறையில் போட்டு மறுநாள் தொடரலாம், ஒரு நஷ்டமும் இல்லை.

பிரிக்கும் விதம்

உடனே பிரிக்கத் தொடங்காமல், உருண்டையை ஐந்து நிமிடமாவது வெளியிலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். நீளம், பருமன் அளந்து எழுதட்டும். எழுதத் தெரியாத குழந்தை வரையட்டும். எங்காவது எலும்பு நீட்டிக்கொண்டிருக்கிறதா? ரோமம் ஒரே நிறமா, இரண்டு நிறமா? உள்ளே எத்தனை விலங்கு இருக்கும் என்று ஓர் ஊகத்தைச் சொல்ல வைத்து அதையும் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியில் ஒப்பிட இது வேண்டும்.

பிறகு இரண்டு கைக் கட்டைவிரல்களாலும் நீளவாக்கில் மெதுவாகப் பிளக்க வேண்டும். இரண்டு பாதி, நான்கு கால் என்று சிறிதாக்கிக்கொண்டு, ஒரு நேரத்தில் ஒரு துண்டில் மட்டும் வேலை. எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பிய்த்துப் போட்டால் எந்த எலும்பு எதன் பக்கத்தில் இருந்தது என்பது தெரியாமல் போய்விடும். ஒரு தாடை எந்த மண்டையோட்டுக்கு உரியது என்பதைப் பல சமயம் அதன் இடம்தான் சொல்லும்.

இங்கே ஒரு விதி உண்டு, அதைக் குழந்தைகளுக்கு முதலிலேயே செய்து காட்டுங்கள்: எலும்பை ரோமத்திலிருந்து இழுக்கக் கூடாது, ரோமத்தை எலும்பிலிருந்து விலக்க வேண்டும். இழுத்தால் என்ன ஆகும் என்பதை மண்டையோட்டில் பார்க்கலாம். எலியின் மண்டையோட்டில் கன்னத்துப் பக்கம் நூல் பருமனில் ஒரு வளைவெலும்பு இருக்கும். முள்வாங்கியால் அதைப் பிடித்து இழுத்தால் முதலில் முறிவது அதுதான். அடுத்து மூக்கெலும்பு கழன்றுவரும். மண்டையோட்டின் வட்டமான முதுகு தெரிந்ததும் முள்வாங்கியைக் கீழே வைத்துவிட்டு, தூரிகையால் சுற்றியுள்ள ரோமத்தைத் தளர்த்த வேண்டும். கண்குழிக்குள் அடைத்திருப்பதைக் குச்சி முனையால் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளறி எடுக்கலாம். ஒரு மண்டையோட்டைச் சுத்தம் செய்ய ஒரு குழந்தைக்குப் பத்து நிமிடம் ஆகலாம். ஆகட்டும், அவசரப்படுத்தாதீர்கள். இந்தப் பத்து நிமிடத்தில் அந்தக் குழந்தை கவனிப்பது ஒரு பாடப்புத்தகப் பக்கத்தைவிட அதிகம்.

ஒதுக்கிய ரோமத்தை எறிந்துவிட வேண்டாம். கருப்பு அட்டைக்கு மேலே பிடித்து இரண்டு விரலால் தேய்த்தால் விரல் எலும்பு, வால் எலும்பு, தனிப் பல் என்று பொடிப்பொடியாக விழும். பாதிக்குப் பாதி சின்ன எலும்புகள் இங்கேதான் கிடைக்கும்.

உருண்டை மிகவும் கெட்டியாக இருந்தாலும், தூசு பறக்கக் கூடாது என்றாலும் ஈர முறையைக் கையாளலாம். ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான நீர், பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு, அதில் உருண்டையை அரை மணி நேரம் ஊறவிட்டால் ரோமம் தளரும். நீரைக் கொட்டும்போது கண்ணிகள் நெருக்கமான வடிகட்டி வழியாகத்தான் கொட்ட வேண்டும், இல்லாவிட்டால் பற்கள் போய்விடும், கழிவுக் குழாயும் ரோமத்தால் அடைத்துக்கொள்ளும். தூசு வராது என்பது இதன் நன்மை. ஈர ரோமம் எலும்பிலும் விரலிலும் ஒட்டிக்கொண்டு எளிதில் போகாது என்பதும், எலும்புகளின் இடக்கணக்கு தொலைந்துவிடும் என்பதும் குறைகள். ஒவ்வாமை இல்லாத குழந்தைகளுக்கு உலர் முறையே மேல்.

சில பழைய உருண்டைகளில் ரோமத்தால் செய்த சின்னக் குழாய்கள் ஒட்டியிருக்கும். துணி அரிக்கும் அந்துப்பூச்சியின் இனத்தைச் சேர்ந்த புழுக்களின் கூடுகள் அவை. ஆந்தையால் செரிக்க முடியாத கெரட்டினை இந்தப் புழுக்கள் செரித்துவிடும். ஆந்தை மிச்சம் வைத்தது இன்னோர் உயிருக்குச் சாப்பாடு என்பதைக் கண்ணால் காட்டக் கிடைக்கும் நல்ல வாய்ப்பு இது, தவறவிடாதீர்கள். (பூச்சி உயிரோடு இருந்தால் அந்த உருண்டைக்கு வெப்பம் சரியாக ஏறவில்லை என்று அர்த்தம். மூடி எடுத்து வைத்துவிடுங்கள்.)

எந்த எலும்பு, யாருடைய எலும்பு

சின்னக் குழந்தைகளுக்குப் பெயர் வேண்டாம், வடிவம் போதும். அட்டையில் ஆறு கட்டம் போட்டுக் கொடுங்கள்: மண்டையோடு, தாடை, நீள எலும்பு, தட்டை எலும்பு, வளைந்த எலும்பு, முதுகுத் துண்டு. எந்தக் கட்டத்தில் வைப்பது என்று இருவருக்குள் விவாதம் வந்தால் தலையிடாதீர்கள். "ஏன் அங்கே வைத்தாய்?" என்று மட்டும் கேளுங்கள்.

ஏழு எட்டு வயதுக்கு மேல் இன்னும் நுணுக்கமாகப் போகலாம். தோள்பட்டை எலும்பு முக்கோணமாக, தாள் போல மெல்லியதாக, மேலே ஒரு வரம்போடு இருக்கும். இடுப்பெலும்பும் தட்டைதான், ஆனால் அதில் ஒரு பெரிய ஓட்டையும், தொடை எலும்பு பொருந்தும் ஒரு குழிவும் இருக்கும். தொடை எலும்பின் மேல்முனையில் பக்கவாட்டில் உருண்டையான குமிழ் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் குமிழை இடுப்பெலும்பின் குழிவில் வைத்துச் சுழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். மூட்டு எப்படி அசைகிறது என்பதற்கு அதைவிட நல்ல விளக்கம் கிடையாது. மேற்கை எலும்பில் நடுத்தண்டில் ஒரு மேடு புடைத்திருக்கும். கீழ்க்காலில் மெல்லிய எலும்பு ஒன்று வளைந்து ஓடி, பாதி வழியில் பெரிய எலும்போடு ஒட்டிக்கொள்ளும். எலிகளின் காலில் இப்படித்தான் இருக்கும். சில நீள எலும்புகளின் முனை தொப்பி கழன்றது போல உதிர்ந்துவரும். உடைந்துவிட்டது என்று குழந்தை வருந்தலாம். உடையவில்லை, அந்த விலங்கு இன்னும் வளர்ந்து முடியவில்லை. வளரும் வயதில் எலும்பு முனை தண்டோடு முழுமையாக ஒன்றியிருக்காது. அந்தக் குழந்தையின் கை எலும்பும் இப்போது அப்படித்தான் இருக்கிறது.

யாருடைய எலும்பு என்பதற்குப் பல்லைப் பாருங்கள். எலி, சுண்டெலி போன்ற கொறிப்பான்களுக்கு முன்னால் நீண்டு வளைந்த வெட்டுப்பற்கள், பின்னால் கடைவாய்ப்பற்கள், நடுவே ஒன்றுமே இல்லாத இடைவெளி. வெட்டுப்பல்லின் முன்பக்கம் ஆரஞ்சு மஞ்சளாக இருக்கும். அழுக்கு என்று தேய்க்க வேண்டாம், பல்லின் மேல்பூச்சான எனாமலில் இரும்புச் சத்து சேர்ந்திருப்பதால் வந்த நிறம். முன்பக்கம் கடினம், பின்பக்கம் மென்மை என்பதால் கொறிக்கக் கொறிக்கப் பின்பக்கம் முதலில் தேய்ந்து, பல் உளி மாதிரி கூராகவே இருக்கிறது.

மூஞ்சூறை எலி என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். மண்டையோட்டைப் பார்த்தால் அந்த எண்ணம் போய்விடும். முகம் நீண்டு ஒடுங்கியிருக்கும், பற்கள் இடைவெளி இல்லாமல் வரிசையாகக் கூர்கூராக இருக்கும், கன்னத்து வளைவெலும்பே இருக்காது. சில இனங்களில் பல் நுனி செக்கச் சிவந்திருக்கும். இது பூச்சி தின்னும் விலங்கு. கொறிப்பானின் பல்லையும் இதன் பல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "இவர்கள் இருவரும் என்ன சாப்பிட்டிருப்பார்கள்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். பெரும்பாலான குழந்தைகள் தாங்களாகவே சரியான பதிலுக்கு வந்துவிடுவார்கள்.

பறவையின் மண்டையோட்டில் பல்லுக்குப் பதில் அலகு. கண்குழி மிகப் பெரியது. எலும்பு மெல்லியது என்பதால் பெரும்பாலும் நொறுங்கித்தான் கிடைக்கும். நெஞ்செலும்பில் நடுவில் ஒரு மேடு செங்குத்தாக எழுந்து நிற்கும், பறக்கும் தசைகள் பிடித்துக்கொள்ளும் இடம் அது. அளவுக்கு மீறி நீண்ட மெல்லிய எலும்புகள் கிடைத்தால் வௌவாலின் இறக்கையாக இருக்கலாம்.

எத்தனை விலங்கு என்று எண்ணுவது

மண்டையோட்டை எண்ணினால் முடிந்தது என்று தோன்றும். ஆனால் மண்டையோடு உடைந்து காணாமல் போயிருக்கலாம். அதனால் தாடைகளையும் எண்ண வேண்டும். கொறிப்பானின் கீழ்த்தாடை இடம், வலம் என்று இரண்டு தனித் துண்டுகளாகக் கழன்றுதான் கிடைக்கும். கடைவாய்ப்பற்கள் மேலே பார்க்க, வெட்டுப்பல் முனை உங்களுக்கு எதிர்ப்பக்கம் இருக்க, இரண்டு துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முன்முனைகள் சேர்ந்து பின்முனைகள் விரிந்தால் இடப்பக்கம் இருப்பது இடது, வலப்பக்கம் இருப்பது வலது. இரண்டும் ஒரே பக்கமாக வளைந்தால் இரண்டும் ஒரே பக்கத்துத் தாடைகள், அதாவது இரண்டு வெவ்வேறு விலங்குகளுடையவை.

ஒரு தட்டில் மண்டையோடு 2, இடது தாடை 3, வலது தாடை 2 கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். எத்தனை எலி? ஓர் எலிக்கு ஓர் இடது தாடைதான். ஆகவே குறைந்தது 3. 'குறைந்தது' என்ற சொல்லைக் குழந்தைகள் கட்டாயம் சேர்த்துச் சொல்லட்டும். நான்காவது எலியின் எலும்புகள் வேறோர் உருண்டையில் போயிருக்கலாம். தொல்லியலில் எலும்புக் குவியலில் எத்தனை விலங்குகள் என்று கணக்கிடுவதும் இதே முறையில்தான். கொஞ்சம் பெரிய குழந்தைகளோடு பெருக்கலும் போடலாம்: ஒரு நாளைக்கு ஓர் உருண்டை, ஓர் உருண்டைக்கு 3 எலி என்று வைத்துக்கொண்டால் ஓர் ஆண்டுக்கு 1,095. உருண்டை சில நாள் இரண்டும் விழும், இரை கிடைக்காத நாளும் உண்டு. இந்தக் கணக்கில் எதையெல்லாம் ஊகமாக வைத்திருக்கிறோம் என்று கேட்டு எழுதி வைக்கச் செய்யுங்கள்.

குழந்தை முகம் சுளித்தால், அழுதால்

அருவருப்பு வருவது இயல்பு. வற்புறுத்தாதீர்கள். தொட விரும்பாத குழந்தைக்கு அளவெடுக்கும் வேலை, படம் வரையும் வேலை, எண்ணும் வேலை கொடுக்கலாம். பெரும்பாலும் முதல் மண்டையோடு வெளிவந்ததும் நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொள்வார்கள். வராவிட்டாலும் பரவாயில்லை.

"எலிக்கு வலித்திருக்குமா?" என்ற கேள்விக்குப் பொய் சொல்ல வேண்டாம். வலித்திருக்கலாம், ஆந்தை பொதுவாகச் சீக்கிரம் கொன்றுவிடும், அப்படிச் சாப்பிடாவிட்டால் ஆந்தையின் குஞ்சுகள் பட்டினி கிடக்கும் என்று நேராகச் சொல்லலாம். ஆந்தையைக் கெட்டதாகவும் எலியைப் பாவமாகவும் ஆக்கிக் கதை கட்டாதீர்கள், எலியைக் கெட்டதாகவும் ஆக்க வேண்டாம். வீட்டில் எலியோ வெள்ளெலியோ வளர்க்கும் குழந்தை இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

எடுத்த எலும்பை என்ன செய்வது

வைத்துக்கொள்ள விரும்பினால் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் சில மணி நேரம் ஊறவைத்து, நல்ல நீரில் அலசி, காகிதத்தில் உலர்த்துங்கள். எலும்பு வெளுக்கும். இதைப் பெரியவர்கள்தான் கையுறையோடு செய்ய வேண்டும். குளோரின் பிளீச் போட்டால் எலும்பு நாளடைவில் பொடியாகிவிடும். ஊறும்போது பற்கள் கழன்றுவிடுவதுண்டு, காய்ந்ததும் வெள்ளைப் பசையால் மறுபடி ஒட்டிக்கொள்ளலாம்.

கருப்பு அட்டையில் எலும்புகளை ஓர் எலியின் வடிவத்தில் அடுக்கி ஒட்டுவது குழந்தைகளுக்கு மிகவும் பிடித்த வேலை. முழு எலும்புக்கூடு அமையாது. விலா எலும்பு 13 ஜோடியும் ஓர் உருண்டையில் தேறுவது அபூர்வம். குறைகிற இடத்தை வேறோர் எலியின் எலும்பால் நிரப்ப விடாமல் காலியாகவே விடச் சொல்லுங்கள். கிடைக்காததும் ஒரு தகவல்தான்.

ரோமத்தையும் கையுறைகளையும் பையில் கட்டிக் குப்பையில் போடலாம். அட்டையின் மூலையில் உருண்டை கிடைத்த இடம், தேதி, நீளம், தொடக்கத்தில் சொன்ன ஊகம், கடைசியில் எண்ணிய கணக்கு ஆகிய ஐந்தையும் குழந்தையே எழுதட்டும். அதே இடத்தில் மழைக்காலத்தில் ஓர் உருண்டை, கோடையில் ஓர் உருண்டை என்று எடுத்தால், ஆந்தையின் சாப்பாடு பருவத்தோடு எப்படி மாறுகிறது என்பதை அட்டைகளைப் பக்கத்தில் வைத்தே பார்த்துவிடலாம். சிறு பாலூட்டிகளை ஆராய்பவர்கள் ஒரு பகுதியில் என்னென்ன இனங்கள் வாழ்கின்றன என்று அறிய இதே வழியைப் பயன்படுத்துகிறார்கள். பொறியில் சிக்காத மூஞ்சூறுகூட ஆந்தையின் உருண்டையில் அகப்பட்டுவிடும்.